முதலைக் கண்ணீரும் நீலிக் கண்ணீரும்

சென்ற பருவத்தில் மொழிபெயர்ப்புத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு விடையில் கை நின்றுவிட்டது. ஆங்கில மரபுத்தொடர்கள் ஐந்தைக் கொடுத்து நிகரான தமிழ்த் தொடர் கேட்கும் வினா அது. அவற்றுள் ஒன்று 'குரோக்கடைல் டியர்ஸ்'. விடைக்குறிப்பில் 'முதலைக் கண்ணீர்' என்றிருந்தது. மாணவி ஒருத்தி 'நீலிக் கண்ணீர்' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பின்படி பார்த்தால் மதிப்பெண் கிடையாது. ஆனால் இந்தத் தொடரைப் பொறுத்தவரை எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதனால் சிவப்பு மையைத் தொடாமல் தாளை மூடி வைத்துவிட்டு, அன்றிரவு வேறு சில புத்தகங்களைத் திறந்தேன்.

பழைய கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஊர் கோம்பை. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில், இராமக்கல்மெட்டு மலைக்குக் கீழே, காற்றும் தென்னையுமாகக் கிடக்கும் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் நாயைத்தான் தெரியும். 1995இல் நான் பத்தாம் வகுப்பு முடித்தேன். தேனி மாவட்டம் பிறக்க இன்னும் ஓராண்டு இருந்தது. முகவரியில் மதுரை மாவட்டம் என்றே எழுதுவோம். அந்த ஆண்டு ஆங்கில ஆசிரியர் மரபுத்தொடர்ப் பட்டியல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னார். நாற்பதோ ஐம்பதோ இருக்கும். பெரும்பாலானவை எங்களுக்கு ஒட்டவே இல்லை. பூனையும் நாயுமாக ஏன் மழை பெய்ய வேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை. முதலைக் கண்ணீர் மட்டும் உடனே பிடித்துப்போயிற்று. மேடைப் பேச்சிலும் நாளேட்டிலும் ஏற்கெனவே கேட்டிருந்ததால் அது தமிழ்தான் என்று நினைத்தோம். ஆங்கிலேயர்களும் நம்மைப் போலவே சொல்கிறார்களே என்று வியந்ததுகூட நினைவிருக்கிறது.

அந்தக் கோடையில் தாத்தா இறந்தார். தேவாரத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். தோட்டத்தில் ஒரு பங்கு கேட்டிருந்தார். தாத்தாவும் அப்பாவும் கொடுக்கவில்லை. பெண்களுக்கும் பிறப்பிலேயே பூர்வீகச் சொத்தில் உரிமை தந்து தமிழ்நாடு திருத்திய சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அத்தையின் திருமணம் 1986இல் நடந்தது. சட்டம் மூன்று ஆண்டு பிந்தி வந்ததை எங்கள் வீட்டில் ஒரு நியாயமாகவே பேசிக்கொண்டார்கள். அந்த அத்தை தெருமுனையிலேயே தலைவிரி கோலமாக ஒப்பாரியைத் தொடங்கி, மாரில் அடித்துக்கொண்டு வந்து தாத்தாவின் காலடியில் விழுந்தார். நான் திண்ணையோரம் நின்று என் சித்தப்பா மகனிடம், "முதலைக் கண்ணீர்டா" என்றேன். புதிதாகக் கற்ற ஒன்றைச் சரியான இடத்தில் பயன்படுத்திவிட்ட மகிழ்ச்சி அதில் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

அப்பத்தா காதில் அது விழுந்துவிட்டது. தாலி கழற்றும் சடங்குக்காகக் காத்திருந்த கிழவி நிமிர்ந்து பார்த்து, "மொதல அழுது நீ பாத்திருக்கியாடா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். திட்டவில்லை. அவளுக்கு அந்தத் தொடர் தெரியவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மதுரைக்குப் போய்த் தமிழ் முதுகலை படிக்கும்போதுதான் உறைத்தது. எழுத்தறியாத, ஆயிரம் சொலவடை தெரிந்த அப்பத்தாவுக்குத் தெரியாத தமிழ்த் தொடர் எங்கிருந்து வந்திருக்கும்?

நம் இலக்கியத்தில் முதலைக்குப் பஞ்சமில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என்று மூன்று வகையைத் தனித்தனியே பெயர் சொல்கிறது. புறப்பாடல்களில் கோட்டை அகழிகள் முதலையால் நிறைந்திருக்கின்றன. வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் ஆழ்ந்த நீருக்குள் முதலை பிறவற்றை வெல்வதையும், நீரை விட்டு நீங்கினால் அது பிறவற்றிடம் தோற்பதையும் சொல்கிறார். முதலையும் மூர்க்கனும் பிடித்ததை விடமாட்டார்கள் என்பது ஊரறிந்த பழமொழி. கஜேந்திரனின் காலைக் கவ்வியது முதலை. அவிநாசியில் விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடியதும் கொண்டுவந்து கொடுத்தது முதலை. காலடியில் பூர்ணா ஆற்றில் சங்கரரின் காலைப் பற்றித் துறவுக்கு வழிவிட்டதும் முதலைதான். அந்தப் பூர்ணா பெரியாறேதான். 1895 முதல் மலையைக் குடைந்து எங்கள் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டுக் கம்பத்து வயல்களை இருபோகம் விளைய வைக்கும் அதே பெரியாறு. எங்கள் ஊர்க்காரனுக்கு முதலையோடு அந்த அளவுக்குத்தான் உறவு.

இத்தனை கதைகளிலும் முதலை ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அழுகிறவர்கள் எல்லாம் கரையில் நிற்கிறார்கள். அவிநாசியில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் அழுகிறார்கள். காலடியில் ஆரியாம்பாள் அழுகிறாள். மடுவில் யானை கதறுகிறது. முதலை வாயை மூடிக்கொண்டு பிடித்ததைப் பிடித்தபடி கிடக்கிறது. நம் மரபில் அதன் குணம் பிடி. கண்ணீர் அதன் பக்கத்தில் வருவதே இல்லை.

ஐங்குறுநூற்றில் மட்டும் வேறொன்று இருக்கிறது. மருதத் திணை பாடிய ஓரம்போகியார் இரண்டு இடங்களில், தான் ஈன்ற குஞ்சையே தின்னும் முதலையைக் காட்டுகிறார். ஓரிடத்தில் அதை அன்பில்லாத முதலை என்றே சொல்கிறார். பரத்தையிடம் போன தலைவனின் ஊர் அப்படிப்பட்டதாம். நேரே அவனைச் சொல்லாமல் ஊர்ப் பொய்கையைச் சொல்லி அவனைக் குத்துவது சங்கப் புலவர்களுக்குக் கைவந்த கலை. ஆக, நம்மிடம் முதலைக்கு ஒரு வஞ்சகக் குணம் ஏற்றப்பட்டதுண்டு. ஆனால் அது அன்பின்மை. அன்பு இருப்பதாகக் காட்டும் நடிப்பு அன்று. இரண்டுக்கும் தூரம் அதிகம்.

அப்படியானால் முதலையை அழவைத்தவர் யார்? ஹெரடோட்டஸ் நைல் முதலையைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். அதன் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் பறவை உண்டு, கண்ணீர் இல்லை. கி.பி. 400 அளவில் சின்ன ஆசியாவில் அமாசியாவின் பிஷப்பாக இருந்த ஆஸ்டீரியஸ், நோன்பு பற்றிய பிரசங்கம் ஒன்றில் முதலையைக் கொண்டுவருகிறார். நைல் முதலை தான் தின்ற மனிதனின் தலையைப் பார்த்து அழுமாம். செய்ததற்கு வருந்தி அன்று, தலையில் சதை இல்லையே என்றுதான். பிற்காலத் தொகுப்பாளர் ஃபோட்டியஸின் கையில் இது தப்பிப் பிழைத்தது. பிரசங்கியாருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பார்த்தலோமியஸ் ஆங்கிலிக்கஸ் தொகுத்த கலைக்களஞ்சியத்தில் முதலை மனிதனைக் கொன்று, அவனுக்காக அழுது, பிறகு விழுங்குகிறது.

அடுத்து வருவதுதான் எனக்குச் சுவையானது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் சர் ஜான் மாண்டவில் என்ற பெயரில் ஒரு பயண நூல் பிரெஞ்சில் வெளிவந்து, ஐரோப்பிய மொழிகளில் எல்லாம் பரவியது. அழுதுகொண்டே மனிதனைத் தின்னும் முதலையை ஆங்கில வாசகர்களிடம் ஊரறியச் செய்தது இந்த நூல்தான். மாண்டவிலின் முதலைகள் நைலில் இல்லை. இந்தியா முழுவதும் நிறைந்திருக்கின்றன! நம் ஆறுகளில் அழுததாகச் சொல்லப்பட்ட முதலையை நாம் பார்க்கவில்லை. இங்கே வந்தே இராத ஒருவர் பார்த்திருக்கிறார். அந்நூலின் ஆசிரியர் பெரும்பாலும் பிறர் பயணக் குறிப்புகளிலிருந்து, குறிப்பாகப் பாதிரியார் ஒடோரிக்கிடமிருந்து, எடுத்துக் கோத்தவர் என்பது ஆய்வாளர் முடிபு. அதே நூலில் மிளகு விளையும் காடு ஒன்றுக்குக் 'கொம்பார்' என்று பெயர் வருகிறது. முதன்முறை படித்தபோது கோம்பை மேற்கு மலையின் மிளகுக் கொடிகளை நினைத்து ஒரு நிமிடம் துள்ளினேன். அது மலபார் என்ற பெயரின் சிதைவு என்று உரைகாரர்கள் குளிர்ந்த நீரை ஊற்றிவிட்டார்கள். ஊர்ப்பற்று எப்படியெல்லாம் சொல்லாராய்ச்சியைக் கெடுக்கிறது பாருங்கள்.

தொடராக உருப்பெற்றது 16ஆம் நூற்றாண்டில். 1563இல் லண்டன் பிஷப்பாக இருந்த எட்மண்ட் கிரிண்டால், ஒருவருடைய பணிவு போலிப் பணிவாகவும் கண்ணீர் முதலைக் கண்ணீராகவும் இருக்குமோ என்று தாம் அஞ்சத் தொடங்கியிருப்பதாக எழுதுகிறார். ஆங்கிலத்தில் கிடைக்கும் மிகப் பழைய வழக்குகளுள் ஒன்று இது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜான் ஹாக்கின்ஸின் கடற்பயணத்தில் சென்ற ஜான் ஸ்பார்க், அமெரிக்கக் கரையில் கண்ட முதலைகளைப் பற்றி எழுதும்போது, அவை இரையைக் கவர அழுது விம்மும் என்று சேர்த்துவிடுகிறார். இங்கே அழுகை கொன்றதற்குப் பின் வருவது அன்று, கொல்வதற்கு முன் போடும் தூண்டில். பொருள் மெல்ல நகர்கிறது. அவர் அந்த விம்மலைக் காதால் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஏட்டில் படித்ததைக் கண்ணெதிரே காண்பது பயணிகளின் பழைய நோய்.

ஷேக்ஸ்பியர் இதைப் பயன்படுத்திய இடங்களில் இரண்டு முக்கியமானவை. ஆறாம் ஹென்றியின் இரண்டாம் பாகத்தில் அரசி மார்கரெட், குளோஸ்டர் கோமகனை வழிப்போக்கரை அழுது ஏமாற்றும் முதலைக்கு ஒப்பிடுகிறாள். உண்மையில் வஞ்சம் செய்கிறவள் அவள், கோமகன் குற்றமற்றவன். ஒத்தெல்லோவின் நான்காம் அங்கத்தில், எல்லார் முன்னிலையிலும் கணவனிடம் அடி வாங்கி டெஸ்டிமோனா அழுகிறாள். பெண்ணின் கண்ணீரால் பூமி கருவுறுமானால் ஒவ்வொரு துளியும் ஒரு முதலையாகப் பிறக்கும் என்கிறான் ஒத்தெல்லோ. அவள் கண்ணீர் உண்மை என்பது பார்வையாளர் அனைவருக்கும் தெரியும். இரண்டு இடத்திலும் முதலை என்று சொன்னவர்தான் தவறு. மரபுத்தொடர் அகராதிகள் 'போலி இரக்கம்' என்று பொருள் தந்து முடித்துக்கொள்கின்றன. வழக்கு எப்படி என்று கேட்டால், இந்தத் தொடர் அழுகிறவரைப் பற்றிச் சொல்வதைவிட, அழுகையைப் பார்த்து நிற்கிறவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. பத்தாம் வகுப்பில் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது.

தமிழுக்கு இத்தொடர் ஆங்கிலக் கல்வி வழியே வந்தது. மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளம் எல்லாவற்றிலும் சொல்லுக்குச் சொல் இதே தொடர் இருக்கிறது. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் ஒரே விடையை எழுதுவது போல. இந்திக்காரர்கள் மட்டும் 'கடியால்' என்ற நீள்மூக்கு முதலையின் கண்ணீர் என்று மாற்றிக்கொண்டார்கள். பாவம், மீன் தின்று பிழைக்கும் அந்த இனத்துக்கு மனிதர் மேல் போலி இரக்கம் காட்டவேண்டிய அவசியமே இல்லை. தமிழில் இதற்கு அமைந்த வினை கவனிக்கத்தக்கது. கண்ணீரை உகுக்கலாம், சிந்தலாம், சொரியலாம். முதலைக் கண்ணீரை மட்டும் பெரும்பாலும் 'வடிக்கிறோம்'. கஞ்சி வடிப்பது போல, பானையைச் சாய்த்து அளவோடு செய்கிற காரியம். கடன் வாங்கிய தொடருக்குத் தமிழ் தன் பங்காகச் சேர்த்த நுட்பம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இனி நீலிக்கு வருகிறேன். போலி அழுகைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. பழையனூர் நீலியின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பொருளாசையால் கணவன் ஒருவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். அவள் பேயாகக் காத்திருக்கிறாள். கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுவிட்டார் என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் அழுகிறாள். அவர்கள் அவள் கண்ணீரை நம்பி அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் உயிருக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்கும் கொடுக்கிறார்கள். இரவில் அவன் கொல்லப்படுகிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சனையால் உயிர் கொண்ட ஒருத்தி பற்றி வரும் குறிப்பை இக்கதையோடு சேர்த்தே படித்து வந்திருக்கிறார்கள். சேக்கிழாரும் பழையனூர் வேளாளரின் சொல் தவறாமையைப் போற்றுகிறார். ஊர் நினைவில் எழுபதின்மர் தியாகிகள். நீலிக்குக் கிடைத்தது அகராதியில் ஓர் இடம்: நீலிக் கண்ணீர், பொய்யழுகை.

ஆனால் கதையை மறுபடி படியுங்கள். அவன் அவளைக் கொன்றவன். அவள் சொன்ன விவரங்கள் பொய், குழந்தை பொய், உருவம் பொய். அழுகை பொய்யா? கொன்றவன் எதிரே நிற்கும்போது கொல்லப்பட்டவளுக்கு அழுகை வராதா? இந்தக் கேள்வியை எந்த நிகண்டும் எழுப்பவில்லை. அந்த வகையில், கடன் வாங்கிய முதலையே மேல் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும். அது பழியை ஒரு விலங்கின் மேல் போடுகிறது. நம் சொந்தச் சொல்லோ, கொலையுண்ட பெண் ஒருத்தியின் மேல் போட்டுவிட்டது.

விலங்கின் மேல் போட்ட பழியும் முழுப் பொய் இல்லை என்று இப்போது தெரிகிறது. மால்கம் ஷேனர் என்ற மருத்துவரும் கென்ட் வ்லியெட் என்ற விலங்கியலாளரும் 2007இல் 'பயோசயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே மாண்டவில் இருக்கிறார். புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் முதலைப் பண்ணையில், முதலையின் உறவினமான ஆலிகேட்டர், கெய்மன் வகைகளில் ஏழு விலங்குகளுக்கு நீருக்கு வெளியே தீனி கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஏழில் ஐந்துக்குத் தின்னும்போது கண்ணில் நீர் பெருகியது. சிலவற்றுக்கு நுரைகூடத் தள்ளியது. தின்னும்போது சீறிச் சீறி மூச்சு விடுவதால் காற்று கண்ணீர்ச் சுரப்பியை நெருக்குகிறது போலும் என்பது அவர்கள் ஊகம். மனிதரிலும் இது உண்டு. முக நரம்பு பாதிக்கப்பட்டுக் குணமாகும்போது, உமிழ்நீருக்குப் போகவேண்டிய நரம்பு இழை தடம் மாறிக் கண்ணீர்ச் சுரப்பியைச் சேர்ந்துவிட்டால், நோயாளிக்குச் சாப்பிடும்போதெல்லாம் கண்ணீர் வரும். ரஷ்ய மருத்துவர் பொகொராட் 1928இல் விவரித்த இந்நிலைக்கு மருத்துவத்தில் முதலைக் கண்ணீர் என்றே பெயர்.

ஓரம்போகியாரின் முதலைக்கும் இப்படி ஒரு விளக்கம் உண்டு. 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் நம் சதுப்புநில முதலைகளைக் கூர்ந்து கவனித்தார்கள். முட்டை பொரியும் நேரத்தில் தாய் மண்ணைத் தோண்டிக் குஞ்சுகளை வாயில் அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது. தந்தை முதலையும் சுமப்பதுண்டு. பெரிய முதலை சிறியதைத் தின்பதும் நடப்பதே. ஆனால் பொய்கைக் கரையில் நின்றவர் கண்ணில் பட்டது தாயின் வாய்க்குள் மறையும் குஞ்சாக இருந்தால், அன்பில்லாதது என்று பாடியதில் வியப்பில்லை. அங்கே தின்பதை அழுகை என்றார்கள். இங்கே தூக்கிச் செல்வதைத் தின்பது என்றிருக்கலாம்.

மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். விடைக்குறிப்பிலும் பென்சிலால் நீலியைச் சேர்த்து வைத்தேன். தலைமைத் தேர்வாளர் ஒத்துக்கொண்டார்.

அத்தை இன்னும் தேவாரத்தில்தான் இருக்கிறார். தோட்டம் இப்போது எங்கள் யாரிடமும் இல்லை; அப்பாவின் மருத்துவச் செலவுக்கு விற்றாயிற்று. சென்ற தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது, 1995இல் திண்ணையோரம் நான் சொன்னதை முதன்முறையாக அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையை மடித்தபடி, "அப்பனுக்கு அழுதேனோ, காட்டுக்கு அழுதேனோ, எனக்கே அன்னைக்குத் தெரியலப்பா" என்றார். பிறகு, முதலை நிஜமாகவே அழுகிறதா என்று கேட்டார். புளோரிடா ஆய்வைச் சொன்னேன். ஏழில் ஐந்து அழுதன என்றதும் சற்று யோசித்துவிட்டு,

"மிச்சம் ரெண்டு?" என்றார்.